ரங்கூன் பொண்ணோட பட்டும் மாவலிபுரத்து ஆமையும்

பட்டு நெய்யறவனுக்குக் கண்ணு ரெண்டு இல்லீங்க, பன்னெண்டு. பத்து விரலையும் சேத்துக்கணும். தறிக்குழியில காலைத் தொங்கப்போட்டு முதுகு விட்டுப்போன உங்களுக்கு நான் சொல்லவே வேணாம். எதைப் பாத்தாலும் தொட்டு, நிமிண்டி, இழை எப்படின்னு பாக்காம நம்ம கை சும்மா இருக்காது. அந்தப் பாழாப்போன பழக்கத்தால கடற்கரையில நான் பட்ட பாடு இது.

வாத்தியாரம்மா வெச்ச வேலை

தெள்ளார்ல வேதக்காரங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரோட சம்சாரம், மகள் கல்யாணத்துக்கு ஆரணிக்கு வந்து என்கிட்ட அரக்குப் பட்டு நெய்யச் சொல்லியிருந்தாங்க. மாப்பிள்ளைக்கு ரங்கூன்ல குமாஸ்தா வேலை. ஈஸ்டர் கழிஞ்சு கல்யாணம், அடுத்த வாரமே கப்பல்.

முக்கால் சேலை முடிஞ்சிருந்தப்போ, மாசி மகத்துக்கு மாவலிபுரம் போற வண்டியில எனக்கும் மச்சானுக்கும் இடம் கிடைச்சுது. மச்சான் முனுசாமி என் சம்சாரத்தோட தம்பி. தறியில என் பக்கத்துல உக்காந்து சேலைக் கரைக்கு நூல் நாடாவைத் தள்ளி விடுறவன். சேலையைப் பாக்க வந்த வாத்தியாரம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். கோவிச்சுக்குவாங்கன்னு பாத்தா, தறிமரத்தைப் பிடிச்சிக்கினு நெய்த பட்டைத் தடவிப் பாத்தாங்க. அப்புறம் மெதுவா, "போய்ட்டு வாங்கண்ணா. என் பொண்ணைத் தூக்கிக்கினு போற கடல்ல இன்னாதான் இருக்குதுன்னு எனக்குப் பாத்துச் சொல்லுங்க"ன்னாங்க.

ஓங்கல்

மூணு நாள் கட்டவண்டியில இடுப்பு ஒடிஞ்சு போய்ச் சேந்தோம். கடலைப் பாத்ததும் அந்த வலியெல்லாம் மறந்தே போச்சு. அவ்ளோ அகலத்துக்கு ஒரே பாவு நூலா விரிச்சிருந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துது. மச்சான் தொறந்த வாயை மூடவே இல்ல.

சாமி தீர்த்தவாரி முடிஞ்சு கூட்டம் கலையறப்போ, தண்ணியில கருப்பா ஏதோ வளைஞ்சு எழும்பிச்சு, முங்கிச்சு. அது பின்னாலயே பத்து, இருபது. வலை உலத்திக்கினு இருந்த மீன்காரர் ஏகாம்பரம், அதுங்க பேரு ஓங்கல்னாரு. பாக்க மீன் மாதிரி இருந்தாலும் நம்மள மாதிரி மூச்சு விட மேல வருமாம். சாமியைக் கும்பிட்ட கையோட அதுங்களையும் கும்பிட்டேன், வெக்கப்படல. ரங்கூன் போற கப்பலை அதுங்க முட்டுமான்னு கேட்டேன்.

"முட்டறதாவது. கப்பல் முன்னால குதிச்சிக்கினே கூட வருமுங்க. தனியாப் போற மாதிரியே இருக்காது."

ஆமை

மறுநாள் விடிஞ்சும் விடியாம ஏகாம்பரம் வந்து எழுப்பினாரு. மணல்ல எதையோ இழுத்துக்கினு போன மாதிரி அகலமா ஒரு தடம். அது முடியற எடத்துல ஒரு ஆமை, குழியில முட்டை போட்டுட்டு, பின்னங்காலால மணலைத் தள்ளி மூடிக்கினு இருந்துது. கண்ணுல தண்ணி வழியுது. மூடினதும் தன் ஒடம்பாலயே தட்டித் தட்டி மணலைச் சமமாக்குச்சு. அப்புறம் கடலைப் பாத்து நகந்துது. நாலு அடி வெச்சா ஒரு மூச்சு வாங்கும். அலை வந்து தூக்கினதும் அவ்ளோ பெரிய ஒடம்பு போன எடம் தெரியல.

துண்டால கண்ணைத் துடைச்சிக்கினேன். மச்சான் பக்கம் திரும்பினா அவனும் மூக்கை உறிஞ்சிக்கினு இருக்கான். ஏகாம்பரம் அந்தத் தடத்தை மிதிக்காம சுத்தி வந்து சொன்னாரு: "எத்தினி கடல் சுத்தினாலும், முட்டை வெக்கறதுக்குப் பொறந்த கரைக்கே வந்துடுமுங்க."

நீல இழை

கெளம்புற அன்னிக்குத்தான் என் விரல் அதோட புத்தியைக் காட்டிச்சு. அலை ஒதுக்கின ஓரத்துல கண்ணாடி கணக்கா ஒரு சின்னப் பை, அதுல இருந்து நீள நீளமா நீல இழைங்க. அப்பேர்ப்பட்ட நீலத்தை ஆரணியில எந்தச் சாயக்காரனும் போட்டதில்ல. நீங்களா இருந்தா சும்மா போயிருப்பீங்களா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு ஒரு இழுப்பு இழுத்தேன்.

நெருப்பை உருவின மாதிரி இருந்துது. முழங்கை வரைக்கும் கடுத்து, கை பொங்கிடுச்சு. ஏகாம்பரம் ஓடி வந்து கடல் தண்ணியை ஊத்தி, சுட்ட மணலைத் துணியில கட்டி ஒத்தினாரு. அது சொறிங்கற கடல் ஜந்துவாம், இழை முழுக்க விஷமாம். உசிருக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சப்புறம் மனுஷன் சிரிச்சாரு. "நாங்க பயந்து ஒதுங்கிப் போறதைத் தரம் பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான், ஆரணிக்காரரே."

வரி

ஊருக்கு வந்து இருபது நாளாகியும் விரல் மடங்கல. கல்யாணம் நெருங்குது, சேலையில இன்னும் மூணு முழம் பாக்கி. கை மாறுனா பலகையைத் தட்டுற அடி மாறும், அடி மாறுனா துணியில வரி விழும்; உங்களுக்குத் தெரியாததா? பேஜாராப் போச்சு. வேற வழியில்லாம மச்சானை என் எடத்துல உக்கார வெச்சேன். கரைக்கு என் சம்சாரம் உக்காந்தா. அவன் அடி அழுத்தம். வெளிச்சத்துல பிடிச்சா, அவன் கை வெச்ச எடத்துல குறுக்கால ஒரு வரி பளிச்சுனு தெரிஞ்சுது. கல்யாணப் பட்டுல குத்தம் விட்டுட்டோமேன்னு எனக்குச் சோறே எறங்கல.

வாத்தியாரம்மா வந்தப்போ மறைக்காமப் பிரிச்சுக் காட்டினேன். கையையும் காட்டினேன். அந்தம்மா அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல, கடலைப் பத்தித்தான் கேட்டாங்க. ஓங்கல் கூடவே வர்றதைச் சொன்னேன். சொறியையும் ஒளிக்காம சொன்னேன். பொறந்த கரைக்கே திரும்பி வர்ற ஆமையைச் சொல்லச் சொல்ல, அந்தம்மா விரல் அந்த வரி மேலயே போய்ப் போய் வந்துது. கடைசியில சேலையைக் கண்ணுல ஒத்திக்கினாங்க.

"இந்த வரி இருக்கட்டும்ணா. ஆமை வந்த தடம்னு அவகிட்டச் சொல்லி அனுப்பறேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வழி தெரியணும் இல்ல?"

குத்தமே இல்லாம நான் நெய்த பட்டெல்லாம் எங்க போச்சோ தெரியாது, கை வீங்கிக் கெட்டுப்போன ஒண்ணைத்தான் கண்ணுல ஒத்திக் கப்பல் ஏத்தினாங்க.