ஒரு முழத் தண்ணீர்

புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியைப் பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், யாராவது என்னைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். நானும் சொல்வேன். மணலுக்குள் ஓடிய ரயில், கப்பல் வந்து அணையும் துறை, சுங்கக் கொட்டகை முன்னால் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கும் சிலோன் பயணிகள், தபாலாபீஸ் எல்லாம் சொல்வேன். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அந்த ஊரில் நான் சுற்றியது ஒரே ஒரு பகல்தான். அந்தப் பகலில் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கமுதிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடு எங்களுடையது. வாத்தியார் பயிற்சி முடித்திருந்தேன். தலைக்கனத்துக்கு அது போதுமானதாக இருந்தது. சிலோனில் கடைவேலை பார்த்த அண்ணன் ஆறு வருஷம் கழித்து ஊர் திரும்புவதாகக் கடிதம் வந்தது. போய்க் கூட்டிக்கொண்டு வா என்று அய்யா என்னை அனுப்பினார். காலை ரயிலில் போய் இறங்கினால், கடல் சரியில்லை, கப்பல் வரவில்லை.

துறையில் மூட்டை தூக்கும் போர்ட்டர் ஒருவர், நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அருகில் வந்தார்.

"கப்பல் நாளைக் காலையிலதாங்க. எந்த ஊரு நீங்க?"

கமுதிப் பக்கம், வாத்தியார் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எம் பொஞ்சாதி முதுகுளத்தூர்ப் பக்கங்க. கல்யாணமாகி வந்து எட்டு மாசமாச்சு, அவ ஊர்ப்பக்கத்து ஆளு ஒருத்தரக்கூட பாக்கல. வாங்க, வீட்டுல ஒரு வாய் சாப்புட்டு இருங்க. அவளுக்கும் சந்தோசமா இருக்கும்."

ஸ்டேஷனைத் தாண்டி மணலுக்குள் ஓலைக் குடிசை. அவர், அவருடைய அம்மா, மனைவி, மூன்றே பேர். மனைவிக்குப் பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். நான் உட்காருவதற்குள் அவள் கேட்டது, "அங்கிட்டு மழை பேஞ்சுச்சாண்ணே? கம்மாயில தண்ணி கெடக்கா?" என்றுதான். கிடக்கிறது என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. மாமியாரைப் பார்த்து, "எங்க ஊர்ப்பக்கத்து அண்ணன், வாத்தியாரு" என்றாள். ஏதோ நானே அவள் சீர்வரிசையில் வந்தவன் மாதிரி ஒரு பெருமை அந்தக் குரலில்.

குடிசைக்குப் பின்னால் ஓலைத் தட்டி வைத்து மறைத்த ஒரு குழி இருந்தது. ஒரு முழ ஆழம் இருந்தால் அதிகம். அதுதான் அவர்கள் ஊத்து. அவள் குந்தி உட்கார்ந்து, சிரட்டையால் கொஞ்சம் மொள்வாள், தண்ணீர் மறுபடி ஊறும்வரை காத்திருப்பாள், பிறகு கொஞ்சம் மொள்வாள். ஒரு குடம் நிறைவதற்குள் எனக்கே பொறுமை போய்விட்டது. மாமியார் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வந்த புதுசுல ஒரு ஊத்த உப்பாக்கிட்டா தம்பி. அடுத்த மழை பேயிற மட்டும் ஊராரு ஊத்துல கையேந்தி நின்னோம். இன்னொருவாட்டி உப்பாக்குனா, அவ அய்யா வீட்டுக்கு ரயிலேத்தி விட்டுருவேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மருமகளின் கை ஒரு கணம் நின்று, பிறகு மொண்டது. போர்ட்டர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்கும் புரிந்தது.

எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். ஊத்து எப்படி உப்பாகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரணம், வெட்கக்கேடு. ரயிலில் என்னோடு வந்த யாத்ரீகர்களைப் பார்த்ததிலிருந்தே எனக்கு ஓர் எரிச்சல். முழுக்குப் போட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, அடுத்த ரயிலில் ஏறுகிற கூட்டம். நான் அந்த ரகமில்லை, இன்றைக்கு ஒரு பகல் இந்த ஊர்க்காரனாகவே இருந்து காட்டுகிறேன் என்று எனக்குள் சபதம். ஊர்க்காரன் ஊத்தைப் பற்றிக் கேள்வி கேட்பானா?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மணலில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், ஒரு முழத்துக்குள். அதற்குக் கீழே கடல். அதனால்தான் சிரட்டையும் அந்தப் பொறுமையும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கடல் மேலே ஏறிவிடும். பிறகு அந்தக் குழியை மூடிவிட்டு, மழைக்குக் காத்திருந்து, வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். செருப்பையும் வாசலில் விட்டேன். பத்து மணிக்கே மணல் வறுசட்டியாகக் காய்ந்தது. ஊர்க்காரர்கள் ஈர மணல் ஓரமாகவே நடக்கிறார்கள் என்பது இரண்டு பாதமும் கொப்பளித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மீன் ஏலம் நடந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, விலை கூவும்போதெல்லாம் தலையாட்டினேன். "ஏலே, சும்மா நில்லுலே, இந்தக் கூடை ஒன் தலையில விழுந்துரும்" என்று ஏலம் விட்டவர் அதட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னை ஊர்ப் பையன் என்று நினைத்துத்தான் ஏலே போட்டார் என்று நான் பூரித்துப் போனேன். புத்தி போன போக்கைப் பாருங்கள்.

முழுக்குப் போட வந்த குடும்பம் ஒன்று என்னை நிறுத்தி வழி கேட்டது. வடக்கே அமைதியாகக் கிடப்பது பெண் கடல், தெற்கே குமுறுவது ஆண் கடல் என்று காலையில் போர்ட்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "இந்த ஊரா தம்பி?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். "ஆமாங்க" என்றேன். வாத்தியார் பரீட்சையில் தேறியபோதுகூட அவ்வளவு இனிக்கவில்லை.

கடலில் விழுந்து ஆடிவிட்டு உச்சி வேளைக்குக் குடிசைக்குத் திரும்பினேன். உடம்பெல்லாம் உப்பு பூத்து அரித்தது. வீட்டில் யாரும் இல்லை. மாமியார் யாத்ரீகர்களுக்குச் சங்கு மாலை விற்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். மருமகள் புருஷனுக்குச் சோறு கொண்டுபோயிருந்தாள். ஊத்தில் எட்டிப் பார்த்தேன். அடியில் ஓர் உள்ளங்கைத் தண்ணீர்.

எங்கள் ஊரில் கிணறு வற்றினால் என்ன செய்வோம்? தோண்டுவோம். இன்னும் ஒரு ஆள் ஆழம் தோண்டினால் தண்ணீர் என்பது எங்கள் பக்கத்தில் தாய்ப்பாலோடு ஊட்டுகிற பாடம். தோண்டாதவன் சோம்பேறி. காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைத் தள்ள ஒரு மம்பட்டி குடிசை ஓரம் சாத்தியிருந்தது. எடுத்தேன். கால் மணி நேரத்தில் இடுப்பளவு இறங்கிவிட்டேன். தண்ணீர் நாலா பக்கமும் குபுகுபுவென்று வந்தது. இந்தச் சுகத்தை விட்டுவிட்டுச் சிரட்டையோடு மல்லுக்கட்டுகிறார்களே, பாவம், விவரமில்லாத ஜனங்கள் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஆசை தீரக் குளித்தேன். ஒரு வாய் குடித்தபோது லேசாகக் கரித்தது. உதட்டில் இருந்த கடல் உப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டேனா? அந்தப் பெண் படுகிற பாட்டை நினைத்து, காலியாக இருந்த இரண்டு குடத்தையும் நிறைத்து வைத்தேன். மம்பட்டியைக் கழுவிப் பழைய இடத்தில் சாத்தினேன்.

அவள் வந்து குடங்களைப் பார்த்தாள்.

"யாருண்ணே மொண்டது?"

"நான்தான்."

"எங்கூடப் பொறந்தவன்கூட எனக்கு ஒரு கொடம் மொண்டு தந்ததில்லண்ணே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. காலையில் மொண்ட குடத்தில் இன்னும் தண்ணீர் இருந்ததால், புதுத் தண்ணீரை அவள் தொடவில்லை.

பொழுது சாயும் நேரம் மாமியாரும் மகனும் திரும்பினார்கள். மத்தியானச் சோறும் மீன் குழம்பும் எனக்கு இலையில் வைத்திருந்தாள். மாமியார் களைத்து வந்தவர், புதுக்குடத்தில் ஒரு செம்பு மொண்டு வாயில் ஊற்றினார். அப்படியே துப்பினார். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். அவர் போட்ட சத்தம் அங்கிருந்து வந்தது.

"எந்தக் கை தோண்டுச்சு இத?"

போர்ட்டர் எழுந்து ஓடினார். மருமகள் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அவள் பார்வையில் கோபம் இல்லை. காத்திருந்தாள். என் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். விழுங்கினேன். அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.

மாமியார் வந்து நின்றார்.

"நாந்தேன் அத்தை" என்றாள் அவள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். காலையில் அவ்வளவு பெருமையாக எங்க ஊர்ப்பக்கத்து அண்ணன் என்று காட்டியவனை, சாயங்காலம் இலைக்கு முன்னால் வைத்து அவமானப்படுத்த அவளுக்கு மனசு வந்திருக்காது. எனக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. நான் இலையைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஸ்டேஷனில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சட்டையை எடுக்கும்போதுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை கப்பல் வந்தது. அண்ணன் இரண்டு பெட்டியும் ஒரு டார்ச் லைட்டுமாக இறங்கினார். ரயில் ஏறினால், எங்கள் பெட்டியிலேயே எதிர் பெஞ்சில் போர்ட்டரும் மனைவியும். அவள் மடியில் ஒரு தகரப்பெட்டி. "அம்மா பேச்சத் தட்ட முடியலங்க. அங்கிட்டே கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று அவர் எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு!

அண்ணன், "எந்தம்பி வாத்தியாரு" என்று அவரிடம் என் பிரதாபத்தை ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு வாக்கியம்தான் நான் சொல்ல வேண்டியது. பாம்பன் பாலம் தாண்டட்டும் என்று இருந்தேன். மண்டபம் வரட்டும் என்று இருந்தேன். உச்சிப்புளியும் போய்விட்டது. அவளுக்கும் ஊரைப் பார்க்க ஆசைதானே, கம்மாயைப் பற்றி அப்படிக் கேட்டாளே, போய் ஆத்தா வீட்டில் நாலு நாள் இருக்கட்டுமே என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தான்.

ராமநாதபுரத்தில் அவர்கள் இறங்கினார்கள். கூஜாவில் தண்ணீர் பிடிக்க நானும் இறங்கினேன். போர்ட்டர் தகரப்பெட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவள் குழாயடியில் நின்று ஒரு கை ஏந்திக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"சப்புன்னு இருக்குண்ணே. எங்க ஊத்துத் தண்ணி மாதிரி வராது" என்றாள்.

எங்க ஊத்து என்றாள். அவ்வளவுதான். புருஷன் பின்னால் போய்விட்டாள். நான் கூஜாவை நிறைத்துக்கொண்டு ஏறினேன். அண்ணன் குடித்துவிட்டு, ஊர்த் தண்ணி ஊர்த் தண்ணிதான் என்றார்.

சில வருஷம் கழித்து, புயலில் அந்த ஊர் போய்விட்டது என்று செய்தி வந்த அன்று, என் மனசில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? நல்லவேளை, அவளை அங்கிருந்து கிளப்பிவிட்டோம் என்பதுதான். ஊரே செத்துக் கிடக்கும்போது என் பாவத்துக்குப் புண்ணியக் கணக்கு தேடிய மனசு அது. மழை பெய்து வேறு ஊத்து தோண்டிய பிறகு அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்களா, புயலன்று அவள் எங்கே இருந்தாள், எனக்குத் தெரியாது. அவள் ஊர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். போய் ஒரு வார்த்தை கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் இன்றுவரை கேட்கவில்லை.