மயிரிழை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் மயிரிழை. வைத்தவர்களுக்கு அது கேலி. அவளோ, இந்தக் கூட்டம் வாயைத் திறந்து சரியாகச் சொன்ன ஒரே சொல் அதுதான் என்று எண்ணிக்கொண்டாள்.

இயற்பியல் படித்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. இவளுக்கு இது போதும் என்று கட்டடத்தின் நிலவறையை ஒதுக்கினார்கள். துல்லியமாக அளக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது என்பதுகூடத் தெரியாத மேதாவிகள். வெயில் ஏறாது, காற்று அசையாது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மேதாவிகள் படியிறங்கி வரமாட்டார்கள்.

அவளுடைய அகராதியில் மிகப் பெரிய கெட்ட வார்த்தை ‘குத்துமதிப்பு’. அண்ணன் வீட்டில்தான் குடியிருந்தாள். அங்கேயும் நிம்மதி இல்லை.

“அடுப்புல இருக்கறதுக்குக் கொஞ்சம் உப்புப் போடு” என்பாள் அண்ணி.

“கொஞ்சம்னா எவ்வளவு அண்ணி?”

“உன் வாய் அடங்கற அளவு!”

அவள் அளந்தது, ஒரு பொருள் இன்னொரு பொருளை எவ்வளவு ஈர்க்கிறது என்பதை. முடியைவிட மெல்லிய இழையில் ஒரு கோல்; கோலின் இரு முனைகளிலும் சிறு ஈயக்குண்டுகள். பெரிய குண்டுகளைப் பக்கத்தில் கொண்டுபோனால் கோல் துளி திரும்பும். கோலில் ஒட்டிய கண்ணாடி, எதிர்ச்சுவரில் இருக்கும் அளவுப்பட்டையில் ஓர் ஒளிப்புள்ளியை நகர்த்தும். மூச்சுக்காற்றுப் பட்டாலே போச்சு. அதனால் அடுத்த அறையில் உட்கார்ந்து, சுவரில் துளைத்த ஓட்டை வழியே தொலைநோக்கியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

இதே அளவை ஆய்வுக்கூட இயக்குநர் இளவயதில் எடுத்திருந்தார். அவருடைய எண் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க மாலை வாங்கிக்கொண்டிருந்தார். அவளுக்கோ அதைவிடக் குறைவாக வந்தது. திரும்பத் திரும்பக் குறைவாகவே வந்தது.

“ஏம்மா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்” என்றார் இயக்குநர். “என் எண்ணை உலகமே ஒத்துக்கிட்டாச்சு. அது வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி அளந்து பாரு.”

“வரவேண்டிய எண்ணு முன்னாடியே தெரிஞ்சா, அளக்கறது எதுக்குங்க ஐயா?”

அறிஞர் அவையில் விஷயம் வெடித்தது. இயக்குநர் அளந்தது மேல்மாடி அறையில், கணப்பு அடுப்பை வைத்துக்கொண்டு. அந்தச் சூட்டில் எழும் காற்று கோலைத் தள்ளும் என்பதை அங்கேயே ஒரு கோலைத் தொங்கவிட்டு, அடுப்பை மூட்டிக் காட்டினாள். மூக்குடைபட்ட மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து போனார். அவை கைதட்டியது. “எனக்கு அப்பவே சந்தேகம்தான்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நேற்றுவரை அவருக்குத் தலையாட்டிய அதே தலைகள். அவள் கருவியை நிலவறைக்கு வந்து பார்த்தவன் அவர்களில் ஒருவன்கூட இல்லை.

மறு வருஷம் புதுக் கருவிக்கு இன்னொரு அளவுப்பட்டை தேவைப்பட்டது. பழையதன்மேல் பித்தளை அளவுகோலை வைத்துப் பார்த்தாள். கோடுகள் பொருந்தவில்லை. மரத்தில் ஒட்டிய காகிதம் நிலவறை ஈரத்தில் ஊறி நீண்டிருந்தது. கோடுகள் விலகிப்போனதால், புள்ளி நகர்ந்த தூரத்தை அது குறைத்துக் காட்டியிருந்தது. பேர்போன பட்டறையின் முத்திரை இருக்கிறதே என்று அவள் அதைச் சோதிக்கவே இல்லை.

“குத்துமதிப்பு” என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். இதுவரை யாரையும் அவ்வளவு கேவலமாக அவள் நினைத்ததில்லை.

“பேசாம இரேன். யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் அண்ணி.

“அதான் அண்ணி அசிங்கம். கண்டுபிடிக்கத் துப்பில்லாதவங்க நடுவுல தப்பை மறைக்கறது ஒரு சாமர்த்தியமா?”

தன் எண்ணும் தப்பு என்று அவையில் எழுந்து நின்று சொன்னாள். இயக்குநர் முகம் மலர்ந்தது.

“அப்போ நான்தான் சரி!”

“இல்லீங்க ஐயா. நீங்க அந்தப் பக்கம் விழுந்தீங்க, நான் இந்தப் பக்கம் விழுந்தேன். ரெண்டுமே குழிதான்.”

கைதட்டிய கூட்டம் இப்போது சிரித்தது. அவளை ஆய்விலிருந்து எடுத்து, முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போட்டார்கள். நிலவறைச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த இருட்டுக்குப் போட்டிக்கு வர ஆளில்லை. காகிதத்துக்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டில் தானே அளவுக்கோடுகள் கீறினாள். மழையிலும் வெயிலிலும் பனியிலும் அளந்தாள். மூன்றாவதாக ஓர் எண் வந்தது. அதை உடைக்க அவளே பல வருஷம் முட்டிமோதிப் பார்த்துத் தோற்ற பிறகுதான் வெளியிட்டாள். வெளிதேசத்தில் இரண்டு பேர் தனித்தனியாக அளந்தபோதும் அதுவே வந்தது.

அவள் தலை நரைத்த காலத்தில் புதிய பாடப்புத்தகம் வந்தது. அவளுடைய எண்ணுக்குப் பக்கத்தில் பழைய இயக்குநரின் பெயர் இருந்தது. அண்ணன் கொதித்துப்போனான்.

“வழக்குப் போடலாம், வா!”

அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைசி இலக்கம்வரை விரல் வைத்து ஒத்துப்பார்த்தாள்.

“பேரைத் தப்பாப் போட்டாலும் எண்ணையாவது சரியாப் போட்டிருக்கானுங்க. இவனுங்களுக்கு இதுவே அதிகம்” என்றாள்.