இலை போட்டுப் பட்டினி போட்டோம்

வசந்தியக்காவைப் பட்டினி போட்டது எங்கள் ஊர்தான். அதுவும் வேளாவேளைக்கு இலை போட்டு. இதை நான் எந்த மேடையிலும் நின்று வாதாடுவேன்.

வெளிநாட்டிலிருந்து திருவண்ணாமலைக்கு வருகிறவர்களுக்குத் துணையாகப் போவது, கல்லூரி விடுமுறையில் என் வேலை. கோயில் காட்டுவது சுலபம், சாப்பாடு வாங்கிக் கொடுப்பதுதான் ஆளைக் கொல்லும். இந்தத் தொழிலில் இருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தருக்குக் காரம் ஆகாது, ஒருத்தருக்குப் பால் ஆகாது. மலேசியாவிலிருந்து வந்த வசந்தியக்காவுக்கோ சோறே எதிரி. உடம்பு எடையைக் குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிதான் உள்ளே போகும். அதில் முட்டையோ பருப்போ பனீரோ, புரதம் முதலில் போக வேண்டும். சோறு முந்திக்கொண்டால் வயிறு நிறையும், உடம்பு காயும்.

அக்கா வந்தது ஒரே காரியத்துக்கு. அவர் அம்மா சாகும்வரை ஆசைப்பட்டும் நடக்க முடியாமல் போன கிரிவலத்தைப் பௌர்ணமியன்று தான் நடந்து முடிக்க வேண்டும். ஆபரேஷன் விஷயத்தைச் சொந்தக்காரர்களிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார்.

டப்பா

முதல் நாள் கீழ்பென்னாத்தூரில் அக்காவின் பெரியப்பா மகன் வீடு. பையில் சாக்லேட், தைலம், சோப்போடு அக்காவின் புரத மாவு டப்பாவும் இருந்தது. வெளிநாட்டுப் பையில் இருப்பதெல்லாம் நமக்குத்தான் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். நாங்கள் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் அண்ணி டப்பாவைத் திறந்து, பாலில் கலக்கி, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டு, மீதியை அக்கம்பக்கத்துக்குப் பங்கும் வைத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன்; அக்கா என் கையைக் கிள்ளினார்.

பிறகு இலை போட்டார்கள். இப்படி இளைத்துவிட்டாயே என்று அண்ணி சோற்றைக் குவித்தார். ஓர் ஓரத்தில் முட்டை வறுவல் வந்தபோது அக்காவின் வயிற்றில் இடம் இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பிய அண்ணி சொன்னார்: "பால் பவுடர்தான் கொஞ்சம் மாவு வாசனை அடிக்குது வசந்தி. அடுத்த தடவை வேற எடுத்துட்டு வாம்மா."

சோறில்லாத சாப்பாடு

மறுநாள் ஊருக்குள் ஒரு ஓட்டலில் நான் முந்திக்கொண்டேன். சோறு வேண்டாம், பருப்பும் கூட்டும் தயிரும் மட்டும் கொடுங்கள், முழுச் சாப்பாட்டுக்கான பணமே தருகிறோம் என்றேன். பரிமாறுகிறவர் கல்லாவைப் பார்த்தார், கல்லாக்காரர் உள்ளே பார்த்தார். சாப்பிடுகிறவரின் உரிமை பற்றி நான் அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பக்கத்து மேசைக்காரர்கள்கூட என் பக்கம் வந்துவிட்டார்கள்.

ஒருவழியாக இலை வந்தது, நடுவில் சோற்றோடு. கல்லாக்காரர் கோபமே இல்லாமல் விளக்கினார்: "வெறும் பருப்ப மட்டும் எப்படிம்மா வைக்கிறது? பாக்கிறவங்க எங்க ஓட்டல்ல சோறு தீந்துடுச்சுன்னு நெனைப்பாங்க."

முட்டை

நாங்கள் தங்கியிருந்த விடுதி அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையிலேயே. அங்கே முட்டைக்கு அனுமதி இல்லை. சரி, அது அவர்கள் நம்பிக்கை; அதில் நான் தலையிடவில்லை. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா என்றுதான் கேட்டேன். தாராளமாக, ஆனால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார் விடுதிக்கார அம்மா. குளியலறை உள்ளேதானே இருக்கிறது, உள்ளே வராமல் எப்படிக் குளிப்பது என்று நான் மடக்கினேன். அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, வாசல் குழாயைக் காட்டினார்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு அவர் தயிரை மட்டும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். கதவைச் சாத்தும்போது அம்மா என்னிடம் சொன்னது: "நீ நல்லா பேசுற பாப்பா. ஆனா பேசிப் பேசியே அவங்கள பசியில விட்டுட்ட."

பாதை

பௌர்ணமி சாயங்காலம் நடக்க ஆரம்பித்தோம். வழியெல்லாம் அன்னதானம். சுண்டல் தருகிற இடம் வரட்டும், அதுவரை எதையும் வாங்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆனால் நீட்டிய தொன்னையை வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. இங்கே ஒரு வாய் பொங்கல், அங்கே ஒரு வாய் புளிசாதம், கொஞ்சம் கேசரி. சுண்டல் வந்தபோது வயிறு அடைத்துக்கொண்டது.

எங்கள் விடுதி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அக்காவுக்குக் கால் துவண்டது. முகமெல்லாம் வியர்வை. பாதையோரம் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. தன் அம்மாவுக்காக அவர் நடந்த சுற்று அங்கேயே நின்றது. நான் ஆட்டோவைத் தேடிக்கொண்டிருந்தபோது, அன்னதானம் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடிவந்து இன்னொரு தொன்னையை அக்கா கையில் வைத்தார்: "வெறும் வயித்துல நடந்தா இப்படித்தான். சாப்பிடும்மா, சாமி பிரசாதத்துக்கு வயித்துல தனியா இடம் உண்டு."

பதில்

விமான நிலையத்துக்குப் போகிற காரில் எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை. ஒரு வார்த்தை, வயிற்றில் ஆபரேஷன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுற்றை முடித்திருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று வேங்கிக்கால் தாண்டுவதற்குள் நாலு விதமாகக் கேட்டுவிட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, மலை மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பட்டிமன்றத்தில் எதிரணியை உட்காரவைத்துப் பழகிய எனக்கு, அதற்குப் பிறகு அவர் சொன்ன பதில் இதுதான்: "முன்னல்லாம் குண்டா வந்தப்போ, நான் ரெண்டாவது தடவ சோறு கேட்டா பந்தியே என்னைப் பாக்கும். இந்தத் தடவதான் 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ வசந்தி'ன்னாங்க. அத எப்படிம்மா வேணான்னு சொல்றது?"