முகமில்லாத படம்

காதர் அண்ணே போய்விட்டார்.

ஜார்ஜ்டவுனில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்தவர். அவருடைய நம்பரிலிருந்தே வாட்ஸ்அப் வந்திருந்தது. எழுதியது மகள்.

பாலம் தாண்டி, பத்து காவானில் மீட்டிங். ஃபோன் சைலண்டில் இருந்தது. நான் பார்த்தபோது மணி மூன்று. மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்துவிட்டதாம்... கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு முதல்முறை அந்தக் கடைக்குப் போனேன். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் என் கல்யாணப் படம் மாட்டியிருந்த இடம் வெளிறிப்போய், சதுரமாகத் தெரிந்துகொண்டிருந்தது. படத்தைக் கழற்றியாயிற்று. சுவருக்கு அது தெரியவில்லை.

"என்ன படம் வேணும் தங்கச்சி? சாமி படமா, சீனரியா?"

"முகம் இல்லாத படம்."

"ஆடு, மாடு?"

"அதுவும் வேண்டாம்."

"அப்போ சரியான கடைக்குத்தான் வந்திருக்கீங்க," என்று சிரித்தார்.

சுருட்டி வைத்திருந்த பிரிண்ட் ஒன்றை விரித்தார். நீலத்திலும் மண் நிறத்திலும் நட்சத்திரங்கள், அறுகோணங்கள். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அது இன்னொன்றில் நுழைந்து, எங்கெங்கோ போய்... பள்ளிவாசல் சுவர்களில் பார்த்த மாதிரி வேலைப்பாடு.

எனக்கு எதிலும் ஒரு சந்தேகம் உண்டு. "வெறும் பிரிண்ட்தானே?" என்றேன்.

"பிரிண்ட்டுதான். கையால வரைஞ்சதுன்னு சொல்லி வித்தா சந்தோஷமா வாங்குவீங்களோ?"

வாங்கினேன்.

மாட்டுவதற்கு அவரே வந்தார். அளவு நான் கொடுத்ததுதான். ஆனால் பிரேமுக்கு வெளியே நான்கு பக்கமும் அந்த வெளிறிய சதுரம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

அண்ணே சுவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அளவு நான்தான் தப்பா எடுத்துட்டேன். நாளைக்குக் கொண்டாறேன்," என்று திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பிரிண்ட்டைச் சுற்றி அகலமான வெள்ளை அட்டை வைத்து, பெரிய பிரேமாகக் கொண்டுவந்தார். சதுரம் மறைந்தது. அங்கே முன்பு என்ன இருந்தது என்று அன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

என் தங்கைதான் கேட்டாள். "என்னக்கா இது, மதம் மாறிட்டியா? சொந்தக்காரங்க பார்த்தா என்ன பேசுவாங்க?"

அதை அண்ணேயிடம் சொன்னேன். "இதே டிசைனை ஒரு சீனவரு தன்னோட ஓட்டல் லாபியில மாட்டியிருக்காரு. அவரு இன்னும் பன்னிக்கறிதான் சாப்பிடுறாருலா," என்றார்.

போன வருடம் படம் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. இப்படிப்பட்ட டிசைனில் ஒரு நூல் சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். மெசேஜ் போட்டேன். ரசமட்டத்தோடு வந்து பிரேமின் மேல் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது.

"படம் நேராத்தான் இருக்கு தங்கச்சி. உங்க ஃபிளாட்டுதான் சாய்ஞ்சிருக்கு."

அப்புறம் என் கண்ணுக்கு நேராகத் தெரியும்வரை அதைத் தள்ளித் தள்ளி வைத்தார். "இப்ப ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. போட்டோவுல சரியா இருந்தா விட்டுடுவீங்கல்ல?"

எடுத்தேன்.

இந்தப் பதிவோடு போட அவருடைய படம் ஒன்றைத் தேடினேன். என் ஃபோனில் இல்லை. எட்டு வருடம்... ஒன்றுகூட எடுத்திருக்கவில்லை.

இருப்பது அன்று எடுத்த இந்தப் போட்டோ மட்டும். நட்சத்திரங்களுக்கு மேல், பிரேமின் கண்ணாடியில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கையில் ரசமட்டத்தோடு ஒருவர் நிற்கிறார். பக்கத்தில், ஃபோனால் முகத்தை மறைத்துக்கொண்டு, நான்.

பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன்... அவர் கலைந்துபோய், கோடுகள்தான் மிஞ்சுகின்றன.

போய் வாங்க அண்ணே. படம் நேராத்தான் இருக்கு.