வாச்சர் கேட்ட கேள்வி

இலங்கை மலையகத்தின் டயகமவில், எங்கள் தேயிலைத் தோட்டத்து கேட்டில் நிற்கும் வாச்சரை எனக்கு எப்போதுமே பிடிக்காது. காதை மூடிய கம்பளித் தொப்பி, வெற்றிலைக் கறை ஏறிய பற்கள். தாண்டிப் போகிற எவரையும் நிறுத்தி, "எங்க போற?" என்று கேட்காமல் விடமாட்டார்.

ஒரு வருடப் படிப்புக்காக நான் ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று, இவள் இனி எங்கே திரும்பப் போகிறாள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளே அழுதன. தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனாலும் அவர் வேனை மறித்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"எங்க புள்ள போற?"

அம்மா கொதித்துவிட்டார். "கெளம்புற நேரத்துல கேக்குற கேள்வியா இது? வேன திருப்புங்க தம்பி!"

சகுனம் கழிய வீட்டுக்குத் திரும்பி, சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தோம். மனிதர் மறுபடியும் அதையே கேட்டார்.

"ஜெர்மனிக்கு! வழிய விடுங்க!" என்று கத்தினேன்.

"போ, போ. திரும்பி வர்றப்ப எங்க போயிட்டு வர்றன்னும் கேப்பேன்" என்று முறைத்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார்.

பிராங்ஃபர்ட்டில் இறங்கியதும் குடிவரவு அதிகாரி முதலில் கேட்டது, எப்போது திரும்பிப் போவாய் என்று. நான் திரும்பி வருவேன் என்பதில் சந்தேகமே இல்லாமல் பேசியவர் அந்த வாச்சர் ஒருவர்தான். அதை நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.