சாத்தியிருந்த அறையும் நான் செய்த போனும்

எங்கள் பள்ளிக்கு மாணவர் ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து சேர்ந்தபோது, இவர் யாரைப் பற்றி மேலே எழுதி அனுப்ப வந்திருக்கிறார் என்பதுதான் ஆசிரியர் அறையில் எழுந்த முதல் கேள்வி. பிள்ளைகளின் மனநலத்துக்காக என்றார் தலைமையாசிரியர். நாங்கள் யாரும் நம்பவில்லை. பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் இருக்கிற ஒரு பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து, பிள்ளைகளிடம் நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டுப் போவதற்கு ஒருவருக்கு வேலை கொடுப்பார்களா? இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி கொஞ்சம் அதிகம்தான். மறைப்பதற்கில்லை. கணவர் கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் தாமதமாக வந்தால்கூட, "யாரப் பாத்தீங்க?" என்றுதான் கேட்பேன். இருபது வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்துகிறவள். சோதனைக் குழாயில் நிறம் மாறினால் உள்ளே எதுவோ கலந்திருக்கிறது என்று பொருள். பிள்ளைகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்துப் பழகிவிட்டேன். ஒருத்தி திடீரென்று சிரித்தாலும் சரி, திடீரென்று சிரிப்பதை நிறுத்தினாலும் சரி, காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

ஆய்வகத்துக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். ஆனால் பிள்ளை உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுவார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போகிறவர்கள் கண் சிவந்து வெளியே வந்தார்கள். என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்கள் அங்கே போய் அப்படி என்னத்தைக் கொட்டுகிறார்கள்? எங்களைப் பற்றித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். சாக்பீஸ் எடுக்கப் போகிறவள்போல ஜன்னல் பக்கமாக இரண்டு தடவை நடந்தும் பார்த்தேன். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர எதுவும் காதில் விழவில்லை.

என்னுடைய பதினோராம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்கிற பெண் ஒருத்தி, ஒரே மாதத்தில் நாலு தடவை அந்த அறைக்குப் போனாள். நன்றாகப் படிக்கிறவள். அப்பா லாரி டிரைவர்; சேலத்துக்கும் பெங்களூருக்கும் போய்வருகிறவர், வாரக் கணக்கில் வீடு தங்கமாட்டார். அம்மா கரும்புக் காட்டில் கூலி வேலை. நாலாவது தடவை அவள் என் பீரியடிலேயே எழுந்து போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. மதியம் ஆலோசகரிடம் நேராகவே கேட்டேன்.

"அந்தப் புள்ள அப்படி என்னதாங்க சொல்லுது?"

"அத நான் சொல்ல முடியாதுங்க மேடம். என்னை நம்பிச் சொன்னது."

"நான் கிளாஸ் டீச்சருங்க."

"தெரியுங்க மேடம். ஒரு வாரம் பொறுத்துக்குங்க. அவகிட்டக் கேட்டுட்டு நானே வந்து உங்ககிட்டப் பேசறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வகுப்புப் பிள்ளையைப் பற்றி நான் தெரிந்துகொள்ள, நேற்று வந்தவர் அந்தப் பிள்ளையிடமே அனுமதி கேட்பாராம்!

ஆசிரியர் அறையில் வந்து பொரிந்து தள்ளினேன். பதினாறு வயதுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால் எங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். "காலைல பஸ்ல எவனாச்சும் வர்றானோ என்னமோ" என்றார் ஒரு ஆசிரியை. அப்படி ஒருவனை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் டீ குடித்து முடிப்பதற்குள் அவன் பைக் வைத்திருக்கிறான் என்பதுவரைக்கும் வந்துவிட்டோம்.

எங்கள் பள்ளியில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, வீட்டுக்குச் சொல்லிவிடுவது. வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும், பிரேயரில் மயங்கி விழுந்தாலும், பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போட்டாலும், அப்பாவையோ அம்மாவையோ கூட்டி வரச் சொல்வோம். சொல்லிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது. அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு, திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டி வரச் சொன்னேன்.

"எதுக்குங்க மிஸ்?"

"சும்மாத்தான். பேசணும்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அம்மாவுக்குக் காட்டு வேலைங்க மிஸ். வர மாட்டாங்க. வேணாங்க மிஸ்" என்றாள். அந்தப் பயத்தைப் பார்த்ததும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மடியில் கனம் இல்லாவிட்டால் ஏன் பயப்படவேண்டும்? அன்று வெள்ளிக்கிழமை. கடைசி பீரியடில் வருகைப் பதிவேட்டில் இருந்த நம்பரை எடுத்து அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"உங்க பொண்ணு கவுன்சிலிங் மேடம் ரூமுக்கு அடிக்கடி போவுதுங்க. அழுதுட்டு வருது. உள்ள என்ன சொல்லுதுன்னு எங்களுக்கும் தெரியல. வூட்ல கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

"எத்தன நாளாங்க போவுது?" என்று கேட்டார் அவள் அம்மா.

"ஒரு மாசமாங்க."

"சரிங்க டீச்சர். நாங்க பாத்துக்கறோம்."

கடமையைச் செய்துவிட்ட திருப்தியோடு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஆலோசகர் வந்ததும் வகுப்பு வாசலில் நின்று முதல் பெஞ்சைப் பார்த்தார். என்னைத் தனியாக அழைத்துப்போய், இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேசி முடித்திருந்தார்கள். மாதக் கடைசியில் கல்யாணம். அவளுக்குப் படிக்க வேண்டும். புகார் கொடுக்கலாம் என்று அவள் மனதைத் தேற்றிக் கொண்டுவரவே ஒரு மாதம் ஆயிற்றாம். புதன்கிழமை அதிகாரிகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதாங்க மேடம். அவங்க வர்றதுக்கு முன்னாடி வூட்டுக்குத் தெரியக்கூடாதுன்னா. யாரோ சொல்லியிருக்காங்க. சனிக்கெழமையே எங்கயோ கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு அவ ஊருப் புள்ளைங்க சொல்லுது."

நான்தான் சொன்னேன் என்று வாய் வரைக்கும் வந்தது, ஆனால் சொல்லவில்லை. அவர் என்னைச் சந்தேகப்பட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஓசூரைத் தாண்டி, கர்நாடகத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் அவளைக் கண்டுபிடிக்கப் பத்து நாளாயிற்று. தாலி ஏறியிருக்கவில்லை. பதினெட்டு முடியும்வரை கல்யாணப் பேச்சே எடுப்பதில்லை என்று அவளுடைய அம்மா, அப்பா இருவரிடமும் அதிகாரிகள் எழுதி வாங்கினார்கள். அவள் திரும்பவும் வகுப்புக்கு வந்தாள். அந்தப் பத்து நாளும் நான் தின்ற சோறு மண்ணாகத்தான் இருந்தது. அவளைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது.

ஆனால் அதற்குப் பிறகு அந்த அறைக்கு ஒரு பிள்ளையும் போகவில்லை. 'அந்த மேடம்கிட்டச் சொன்னா வூட்டுக்குப் போயிடும்' என்று வகுப்புக்கு வகுப்பு பேச்சு பரவியிருந்தது. ஆலோசகர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். யாராவது வராண்டாவில் நடந்தால் நிமிர்ந்து பார்ப்பார். அவர்மேல் விழுந்த பழி என்னுடையது என்று தெரிந்தும் இரண்டு வாரம் நான் ஊமையாக இருந்தேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அந்தப் பெண்ணை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன்.

"உங்க வூட்டுக்குப் போன் பண்ணினது நான்தாம்மா. அந்த மேடம் இல்ல."

"தெரியுங்க மிஸ்" என்றாள். "அன்னிக்கே அம்மா சொன்னாங்க. உங்க டீச்சரே போன் பண்ணிச் சொல்றாங்கன்னு சொல்லித்தான் அடிச்சாங்க."

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல? எல்லாரும் அந்த மேடம் மேல இல்ல பழி போடறாங்க?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த மேடம் வாரத்துக்கு ரெண்டு நாள்தாங்க மிஸ் வருவாங்க. நீங்க தெனமும் வர்றீங்க. பிராக்டிகல் மார்க் உங்க கையில இருக்குதுங்க மிஸ்."

அவள் குரலில் கோபமே இல்லை. யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மதியம் முதல் பீரியடில் வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி, போன் செய்தது நான்தான் என்று சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, நோட்டின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். இதற்கும் சேர்த்து நான் அவளை என்ன செய்யப்போகிறேனோ என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.