வேணியின் புருஷன் சித்தரான கதை

எங்கள் பால் சொசைட்டி கிளார்க் நடராஜுக்குப் பக்தி என்றால் சுண்டல் வரும்வரைதான். தொண்ணூற்று நாலு சித்திரையில் கல்லிடைக்குறிச்சிக் கோஷ்டியோடு பொதிகை மலை ஏறியதுகூட, உச்சியில் நின்றால் கேரளாக் கடல் தெரியும் என்று யாரோ சொன்னதால்தான். அவனைப் போய்ச் சித்தராக்கினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அகத்தியருக்குப் பூசை முடித்து இறங்கும்போது மேகம் மூடிக்கொண்டது. அடிவாரத்துக் காரையாற்றில் வந்து பார்த்தால் நடராஜைக் காணோம். இரண்டு பேர் திரும்பி ஏறக் கிளம்பினார்கள். கோஷ்டித் தலைவர் குமரகுருபரன் தடுத்துவிட்டார். மேகத்துக்குள் ஓர் ஒளியைப் பார்த்தாராம்.

செய்தி கேட்டு நடராஜின் மனைவி வேணி காரையாற்றுக்கே ஓடிக் குமரகுருபரனைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, ஆள் அனுப்புங்க. அவுகளுக்கு இழுப்பு உண்டு, குளிர் தாங்காது."

"அழாத தாயி. ஒம் புருசனை அகத்தியரு தங்கிட்டயே வச்சுக்கிட்டாரு. தேடிப் போனா கோவிச்சுக்கிடுவாரு."

சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளாகவே வனத்துறையிடம் கெஞ்சி ஆள் அனுப்புவதற்குள் மலையில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. ஒற்றை ரப்பர் செருப்புதான் கிடைத்தது. அதையும் குமரகுருபரன் வாங்கிப் போய்ப் பூசையறையில் பூப்போட்டு வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் அவள் வாசலில் தேங்காய் பழத்தோடு ஆட்கள். கதவைச் சாத்திக்கொள்வாள். அதற்கும் "சித்தர் சம்சாரம்லா, மௌனம்" என்று அர்த்தம் சொன்னார்கள். இந்த ஊரை என்ன செய்வது?

மூன்றாம் வருஷம் ஆடி அமாவாசைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் படித்துறைக்குப் போனாள். புருஷனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. புரோகிதர் தெரிந்தவர்தான். தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"சித்தருக்கு ஏதும்மா சாவு? திதி குடுத்தா எனக்குல்லா பாவம். குருபூசை நடத்துங்க."

"செத்துட்டாருன்னு ஒருத்தராவது சொல்லுங்களேன்" என்று அழுதாள் வேணி.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, ஆசி வேண்டித் தன் கைக்குழந்தையை அவள் காலடியில் கிடத்தினாள். வேணி குழந்தையை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, தாயிடம் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சுக்கோ. தொலைஞ்சுபோனா இவுக தேட மாட்டாவ. கும்பிடுவாவ."